இடப்பக்கத் தாடையில் ஒரு நிழல்

நவம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். விடியலில் தொடங்கிய தூறல் நிற்கவுமில்லை, மழையென்று சொல்லும்படி வலுக்கவுமில்லை. மூன்றாம் மாடி வீட்டின் கதவிடுக்கு வழியே ஒரு பழுப்பு உறை உள்ளே வந்து விழுந்தது. தங்கை வேலைக்குப் போய் அரை மணி நேரமாகியிருந்தது. அக்கா மட்டும் வீட்டில் இருந்தாள். உறையின் மேல் அவளுடைய பெயரும், அதன் கீழே 'உறவு: மூத்த சகோதரி' என்ற குறிப்பும் அச்சிடப்பட்டிருந்தன.

உள்ளே ஒரே தாள். தலைப்பு, 'நெருங்கிய உறவினரின் முடிவு'. பங்கேற்பாளரின் இடப்பக்கத் தாடை எலும்பை அறுத்துச் சமன்செய்யும் சிகிச்சையை மருத்துவக் குழு பரிந்துரைக்கிறது என்றது முதல் பத்தி. காப்பீட்டு நிபந்தனையின்படி உறவினர் ஒருவரின் சம்மதமின்றி அந்தச் சிகிச்சை நடைபெறாது என்றது இரண்டாம் பத்தி. அடியில் இரண்டு கட்டங்கள்: சம்மதிக்கிறேன், சம்மதிக்கவில்லை. காரணம் எழுத ஒரு கோடு. கையெழுத்திட்ட தாளை இன்று மாலை ஐந்து மணிக்குள் பங்கேற்பாளரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும்.

அக்கா தாளை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதில் ஒரே பிழைதான் தென்பட்டது. தங்கையின் தாடையில் கோணல் எதுவும் இல்லை. எட்டு நாட்களுக்கு முன் அந்தக் கோணலைத் தூரிகையால் வரைந்தவள் அக்காதான்.

ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பாகும் உருமாற்ற நிகழ்ச்சியில் அவள் நான்கு ஆண்டுகளாக ஒப்பனைக் கலைஞர். அந்த நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு பங்கேற்பாளரிடமிருந்தும் இரண்டு முகங்கள் வேண்டும். மாற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பின்முகத்தைச் செய்பவர் ஐம்பது வயதுக்காரர். அவருக்கு ஏழு விளக்குகளும் மூன்று உதவியாளர்களும் உண்டு. முன்முகம் இவள் பொறுப்பு. தலைக்கு நேர்மேலே ஒரே விளக்கு, எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, முடியில் சிறிது எண்ணெய், கண்ணுக்கு அடியில் சிறிது கருமை. பங்கேற்பாளர் சிரிக்கக் கூடாது. தளத்தில் இவளை 'முன்னக்கா' என்றும் அவரைப் 'பின்னண்ணன்' என்றும் அழைத்தார்கள்.

"நீங்க கெடுத்துக் குடுத்தாத்தான் முன்னக்கா எனக்குப் பொழப்பு," என்பார் அவர். "நீங்க ஒருநாள் லீவு போட்டா நான் எதைச் சரி பண்றது, சுவத்தையா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

முன்முகத்துக்கு ஆதாரம் குறையட்டை. தம் முகத்தில் எது பிடிக்கவில்லை என்பதைப் பங்கேற்பாளர் தம் கையால் எழுதித் தர வேண்டும். மூக்கு என்று எழுதினால் மூக்கின் இருபுறமும் நிழல் விழும். நெற்றி என்று எழுதினால் நெற்றி அகலும். எழுதாத எதையும் தொடக் கூடாது என்பது தொழில் ஒழுங்கு. முன்முகம் போடும் அறையான முன்னறையின் கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருக்கும்; பூசுவது கேமராவுக்கான பவுடர் என்றே பங்கேற்பாளரிடம் சொல்வார்கள். பங்கேற்பாளர் தம் முன்முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது மருத்துவக் குழுவுடன் அமர்ந்து, ஆளுயரத் திரையில். பெரும்பாலோர் அழுவார்கள். அழாதவர்களை மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

முன்னறையில் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாள். ஆகவே வீட்டிலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை தொலைக்காட்சியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஐயோ பாவம், இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படிக்கா வெளிய போயிருப்பா?" என்பாள். அக்கா பின்னால் துணி மடித்துக்கொண்டிருப்பாள். சட்டையின் கைகளைச் சேர்த்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, மௌனமாக அடுத்த துணியை எடுப்பாள். அப்பாவும் அம்மாவும் போனபின் அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் அவர்கள் இருவர்தாம். அந்த மௌனத்தைக் கலைக்க மூன்றாவது ஆள் இல்லை.

இம்மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, பதினேழாம் எண் பங்கேற்பாளர் முன்னறைக்குள் வந்தபோது சாம்பல் சட்டைக்குள் இருந்தது தங்கை.

"நீயா? இங்க என்னடி பண்றே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"ஸ்டாஃப் வீட்டு ஆளுங்க வரக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியும்ல?"

வாசலில் நின்ற நிகழ்ச்சி இயக்குநர், "விதி போட்டதே நான்தானேம்மா," என்றார். "அக்கா தங்கைன்னு வெளிய தெரியாம இருந்தா சரி. அட்டையைப் பாருங்க."

அட்டையில் ஒரே சொல் இருந்தது: 'எல்லாமே'.

"எல்லாமேன்னு எழுதினா கேமரா எங்க போய் நிக்கும்?" என்றார் இயக்குநர். "ஒரு இடம் வேணும். கூடப் பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

தெரிந்துதான் இருந்தது. தங்கையின் மேலுதட்டுக்கு மேலே அரை விரற்கடை நீளத்தில் ஒரு தழும்பு உண்டு. ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த காயம். சிரிக்கும்போதெல்லாம் அவள் கையால் வாயைப் பொத்துவது அதனால். அக்கா அந்தத் தழும்பை ஆளுயரத் திரையில் கற்பனை செய்தாள்; தூரிகையை அதன் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. உண்மையான குறையைத் தொட்டால் வலிக்கும். எனவே அந்த முகத்தில் எந்தக் குறையும் இல்லாத இடம் எது என்று தேடினாள். தாடை நேராக இருந்தது. நான்காம் எண் பழுப்பை எடுத்து, இடப்பக்கத் தாடையின் அடியில் ஒரு சாய்ந்த நிழலை இட்டு, விரல் நுனியால் ஓரத்தைக் கலைத்தாள். இல்லாததை எந்த மருத்துவர் சரிசெய்வார்? பல்லை வெளுத்து, முடியை வெட்டி அனுப்பிவிடுவார்கள். நிழல் சோப்பு நுரையோடு போய்விடும். அப்படித்தான் அவள் கணக்கிட்டாள்.

திரையைப் பார்த்த தங்கை அழவில்லை. இடக்கையைத் தூக்கித் தாடையில் வைத்தாள். நிழல் அன்று மாலையே கழுவப்பட்டுவிட்டது. கை மட்டும் எட்டு நாட்களாக இறங்கவில்லை.

பதினோரு மணிக்கு அக்கா இயக்குநரின் அறையில் நின்றாள். குடையிலிருந்து சொட்டிய நீர் கம்பளத்தில் ஒரு கரும்புள்ளியாகப் பரவியது. அவர் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

"சார், அது நிழல். நான் போட்டது. எலும்புல ஒண்ணுமில்ல."

"தெரியும்மா. உங்க வேலையிலயே அதுதான் பெஸ்ட். எடிட்டர் மூணு தடவை ஓட்டிப் பார்த்தாரு."

"அதை நம்பி எலும்பை அறுக்கப் போறாங்க சார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டு, அறுவை மருத்துவரை அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்தார். "டாக்டர், நம்ம பதினேழுக்குத் தாடை கோணலே இல்லையாம்."

"யார் சொல்றா?"

"வரைஞ்சவங்க."

மறுமுனையில் சிறிய சிரிப்பு. "அம்மா, உலகத்துல நேரான முகம்னு ஒண்ணு கிடையாது. ஸ்கேன் எடுத்தா ஏதாவது இருக்கும்."

"எடுத்தீங்களா டாக்டர்?"

"கையெழுத்து வந்தப்புறம்தான் ஸ்கேன். அதானே முறை."

"ஒண்ணுமே இல்லைன்னா?"

"இல்லைன்னாலும் கேக்கறது அந்தப் பொண்ணுதானேம்மா? வேணாம்னு அவங்க சொல்லட்டும், நான் கத்தியைத் தொடமாட்டேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது. யாரோ அடுத்தவர் காத்திருந்திருக்க வேண்டும்.

இயக்குநர் மேசையிலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "கேட்டீங்கல்ல? போய் தங்கச்சியை வேணாம்னு சொல்ல வையுங்க. நான் பேரை எடுத்துடறேன். ஆனா முன்னறை விஷயம் முன்னறையோட. ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?"

"தங்கச்சிகிட்ட மட்டும் சொல்றேன் சார்."

"ஒப்பந்தத்துக்குத் தங்கச்சியும் வெளி ஆள்தாம்மா."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்ததை வெளியே சொல்லாதே என்று பயிரிடமே சொன்னது போலிருந்தது. அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

தங்கை வேலை செய்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஆறு ஆண்டுகள் முன்மேசையில் நின்று, வாடிக்கையாளரின் முகத்தில் சட்டத்தைப் பொருத்தி, கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, இரண்டு கண்களுக்கும் நேராக நிறுத்தித் தந்தவள். நான்கு மாதங்களுக்கு முன் வந்த புதிய மேலாளர், முன்னால் நிற்பவரைப் பார்த்துத்தான் ஆட்கள் கண்ணாடி வாங்குகிறார்கள் என்று சொல்லி, அவளைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே வில்லைகளை அரைக்கும் இயந்திரமும், ஒரு சிங்க்கும், ஒரு சிறிய ஜன்னலும் இருந்தன. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை.

அக்கா உள்ளே போனபோது மணி இரண்டு. தங்கை இயந்திரத்தை நிறுத்தினாள். அவளுடைய இடக்கை உடனே தாடைக்குப் போயிற்று.

"தாள் வந்துச்சா? கையெழுத்துப் போட்டுட்டியா?"

"கையை எடு சின்னு."

"போட்டியா இல்லையா?"

அக்கா சொன்னாள். முன்னறை, குறையட்டை, நான்காம் எண் பழுப்பு, விரல் நுனி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் நான்காண்டு வேலை முழுவதும் வாய்வழியே வெளியே வருவதைத் தானே கேட்டாள். பேச்சு முடிந்ததும் பையிலிருந்து வண்ணப்பெட்டியை எடுத்து, தன் கை மணிக்கட்டில் அதே நிழலை இட்டுக் காட்டினாள். மணிக்கட்டு எலும்பு ஒரு பக்கம் சரிந்தது போலத் தெரிந்தது. பஞ்சால் துடைத்தாள். எலும்பு நேரானது.

தங்கை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மூஞ்சிங்க எல்லாம்? நாலு வருஷமா நான் பார்த்தது?"

"எல்லாம் நான்தான்."

"பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே இருந்தியே."

அக்கா பஞ்சை வண்ணப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "மூஞ்சில அவ்வளவு இடம் இருக்கு. அங்க ஏன் போட்ட?"

"அங்க ஒண்ணும் இல்லைன்னுதான்."

"யாராவது ஒண்ணும் இல்லாத இடத்துல போய்ப் போடுவாங்களா? உனக்கு முகம் பார்க்கிறதே தொழில். ஏதோ தெரிஞ்சிருக்கு. உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு, வாய்தான் மறைக்குது."

"சத்தியமா இல்லைடி."

"அப்ப நிஜமான குறையை விட்டுட்டுப் பொய்யை எடுத்தேன்னு சொல்றே. அந்த நிஜம் எங்க இருக்கு? சொல்லு, நம்பறேன்."

அக்கா தங்கையின் மேலுதட்டைப் பார்க்காமலிருக்க ஜன்னலைப் பார்த்தாள். தழும்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும், தாடை தப்பிவிடும். அடுத்த உறையில் உதடு வரும். உறை வராவிட்டாலும், கூடப்பிறந்தவள் இருபத்து மூன்று ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது தங்கைக்குத் தெரிந்துவிடும்.

"எதுவும் இல்லை," என்றாள்.

தங்கை சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. தழும்பு முழுதாகத் தெரிந்தது. அவள் அதை மறந்தே போயிருந்தாள். கை தாடையை விட்டு நகரவில்லை.

"பார்த்தியா? உன்னால சொல்ல முடியல."

"நீயே சொல்லுவியேடி, எந்த மனுஷனுக்கும் ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காதுன்னு. ஆறு வருஷம் கம்பியை வளைச்சியே, எதுக்கு?"

"மத்தவங்களுக்கு ஃப்ரேமை வளைச்சேன். எனக்கு வளைக்க ஃப்ரேம் இல்லக்கா. மூஞ்சியைத்தான் வளைக்கணும்." அவள் மேசை இழுப்பறையிலிருந்து மில்லிமீட்டர் அளவுகோலை எடுத்தாள். "அளந்துட்டேன். தினமும் அளக்கறேன். வலப்பக்கத்தைவிட ஒன்றரை மில்லி இறங்கியிருக்கு."

"ஒன்றரை மில்லியா! எனக்கு அளந்து பாரு. ரெண்டு மில்லியாவது இருக்கும்."

வாதத்தில் வெல்வதற்காகச் சொன்னாள். தங்கை சட்டென்று நெருங்கி, வாடிக்கையாளரின் முகத்தைப் பிடிப்பது போலவே அக்காவின் மோவாயை இரு விரல்களால் பிடித்து, அளவுகோலைக் காதடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு மட்டும் அவளுடைய இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. முகம் பழைய முன்மேசை முகமாக இருந்தது.

"ரெண்டரை," என்றாள்.

"பார்த்தியா? எனக்கு உன்னைவிட அதிகம். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

தங்கை அளவுகோலைக் கீழே வைத்தாள். அக்காவின் முகத்தை, முதல்முறை பார்ப்பவளைப் போல, மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு மிகவும் இரக்கத்தோடு, "நீயும் அட்டை எழுதிக் குடேன் அக்கா," என்றாள்.

அக்கா அளவுகோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

"நாலு மாசமா நான் யாரையும் நேராப் பார்க்கல," என்றாள் தங்கை. "பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்கார்றதில்ல, இருட்டினா கண்ணாடில மூஞ்சி தெரியும். இவங்க செய்யலன்னா எனக்கு வேற யாரு செய்வாங்க? உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. அம்மா போனப்பகூடக் கேட்கல. ஒரே ஒரு கையெழுத்துக்கா."

"சின்னு…"

"மூஞ்சி என்னுது. கையெழுத்து உன்னுதாம். எந்த ஊர் நியாயம் இது?" குரல் உடைந்தது. "போடலன்னா இனிமே என் மூஞ்சில முழிக்காத. அந்த மூஞ்சிதான் நல்லாயிருக்குன்னு சொல்றியே, அதுல முழிக்காத."

அவள் திரும்பி இயந்திரத்தை ஓடவிட்டாள். அதற்கு மேல் பேசினால் கேட்காது.

அக்கா கடையின் முன்பகுதியில், வாடிக்கையாளர் காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். அவள் எண்ணியவரை பதினொன்று. நான்காண்டுகளாக ஒருநாளும் அவள் தன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முகம் அவளுக்கு வேலைப்பொருள். தையற்காரர் தம் சட்டையைக் கவனிக்காதது போல அவள் தன் முகத்தைக் கவனித்ததில்லை. இப்போது பதினொரு கண்ணாடிகளிலும் இடப்பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விளக்கு காரணமா என்று இடம் மாறி உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாவது முறை தலையைச் சாய்த்தபோதுதான், தன் இடக்கை தாடையில் இருப்பதைக் கண்டாள்.

கையை எடுத்து மடியில் வைத்தாள். அது அங்கேயே இருக்க, மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அவளுக்குத் தெரியும்: எலும்பில் ஒன்றுமில்லை, அளவுகோலில் உள்ளதை உலகத்தில் ஒருவரும் கண்ணால் பார்க்க முடியாது, பொய்யை வரைந்த கை இதுதான். எல்லாம் தெரிந்தவளுக்கே இரண்டு மணி நேரம் போதுமானதாயிருந்தது. தங்கைக்கு நான்கு ஆண்டுகள் ஞாயிறுதோறும் கிடைத்திருந்தன. அறுத்துவிட்டு வந்தாலும் அந்தக் கை இறங்காது. முகத்தில் அடுத்த இடத்தைத் தேடிப் போகும். அறுக்காவிட்டாலும் இறங்காது. இரண்டு வழியிலும் தங்கை அவளுக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. ஒரு வழியில் எலும்பாவது மிஞ்சும்.

நான்கு நாற்பத்தாறுக்கு அவள் தாளை முழங்கால் மேல் விரித்தாள். இரண்டாம் கட்டத்தில், 'சம்மதிக்கவில்லை' என்பதற்கு நேராக, கோடு வெளியே போகாமல் குறியிட்டாள். காரணத்துக்கான கோட்டில் எழுதினாள்: 'மருத்துவக் குழு பார்த்த கோணல், பத்தாம் தேதி காலை முன்னறையில் நான்காம் எண் பழுப்பு வண்ணத்தால் என் கையால் வரையப்பட்டது. அந்த முகத்தில் அது இல்லை.' ஒப்பந்தத்தை மீறுவதற்கு அந்த இரண்டு வாக்கியங்கள் போதும். நாளை முதல் முன்னறைக்கு வேறொருத்தி வருவாள், அவளும் நன்றாகவே வரைவாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தாள். இல்லை. கையெழுத்திட்டுத் தேதியும் நேரமும் குறித்தாள்.

பின்னறையில் இயந்திரம் நின்றிருந்தது. தங்கை முகம் கழுவி, தலை வாரி, பையைத் தோளில் மாட்டியபடி தயாராக நின்றாள். அங்கிருந்து நிகழ்ச்சி அலுவலகம் பத்து நிமிட நடை, கேட்டுவைத்திருக்கிறாள் போலும். அக்காவின் கையில் தாளைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"எதுலக்கா?"

அக்கா தாளைத் திருப்பிக் காட்டினாள். தங்கையின் கண்கள் தாளுக்கு இறங்கின, முதல் கட்டத்தைப் பார்த்தன, வெறுமையாக இருந்தது, இரண்டாவதைப் பார்த்தன. மலர்ந்த முகம் அப்படியே, சிரிப்பு கலையாமல், உள்ளே இருந்து அணைந்தது. வெளியே தூறல் இன்னும் நிற்கவில்லை. தாளை வாங்கத் தங்கை வலக்கையை மட்டும் நீட்டினாள். இடக்கை தாடையில் இருந்தது. அக்கா கொடுத்தாள்.